உப்புத் தரைக்கு ஒரு வண்டி: நாலு நண்பர்கள் எதைக் கட்டலாம்?

நாலு நண்பர்கள், ஒரு பட்டறை என்று வைத்துக்கொள்வோம். தெற்குக் கலிபோர்னியாவில் ஏதோ ஓர் ஊர். ஒருவருக்கு வெல்டிங் கைவந்த கலை. இன்னொருவர் இன்ஜினைப் பிரித்துப் போட்டுவிட்டால் சோறு தண்ணீர் மறந்துவிடுவார். மூன்றாமவர் கணக்குப்பிள்ளை; செலவு, எடை, கியர் விகிதம் எல்லாம் அவர் நோட்டில் இருக்கும். நாலாமவரிடம் ஒரு பிக்கப்பும் டிரெய்லரும் இருக்கின்றன. (நாலாமவர் இல்லாத அணி பட்டறை வாசலைத் தாண்டுவதில்லை.) ஒரு சனிக்கிழமை சாயங்காலம் யாரோ ஒருவர், "நாமளே ஒரு வண்டி கட்டி போனவில்லுக்குக் கொண்டுபோனா என்ன?" என்று கேட்கிறார். (போனவில் என்பது வண்டிகள் வேகச் சாதனைக்காக ஓடும் உப்புத் தரை.) எல்லோரும் சரி என்கிறார்கள். எந்த வண்டி என்று கேட்டதும் நாலு பேரும் நாலு பக்கம் இழுக்கிறார்கள்.

இந்த நாலு பேர் கற்பனைதான். ஆனால் இந்தத் தகராறு அந்தப் பக்கத்துப் பட்டறைகளில் 1930களிலிருந்தே நடந்துவருகிறது. காய்ந்த ஏரிப்படுகைகளில் பழைய ஃபோர்டுகளை விரட்டிக்கொண்டிருந்த சிறு கிளப்புகள் சேர்ந்து 1937-இல் எஸ்.சி.டி.ஏ. (சதர்ன் கலிபோர்னியா டைமிங் அசோசியேஷன்) என்ற சங்கத்தை அமைத்தன. யூட்டா மாநிலத்தின் போனவில் உப்புத் தரையில் 1949-இல் முதல் 'ஸ்பீடு வீக்'கை, அதாவது வேக ஓட்ட வாரத்தை, நடத்தியதும் அந்தச் சங்கம்தான். இன்றும் ஆகஸ்ட் மாதம் அங்கே கூடுகிறவர்களில் பெரும்பாலானோர் வார நாட்களில் வேறு வேலை பார்ப்பவர்கள்.

வண்டிகளுக்குள் போவதற்கு முன் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். இங்கே பக்கத்தில் இன்னொரு வண்டி ஓடாது. கடிகாரத்தோடுதான் போட்டி. பாடி எந்த வகை, இன்ஜின் எத்தனை கன அங்குலம், பெட்ரோலா வேறு எரிபொருளா, சூப்பர்சார்ஜர் (இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் கருவி) உண்டா இல்லையா என்று பிரித்துப் பிரித்து நூற்றுக்கணக்கான பிரிவுகள் வைத்திருக்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் தனிச் சாதனை. ஆகவே 'உலகத்திலேயே வேகமான வண்டி' என்ற கனவை மூட்டை கட்டி வைத்துவிட்டு, 'எந்தப் பிரிவில் நாம் எட்டிப்பிடிக்கிற எண் இருக்கிறது' என்று தேடுவதுதான் விவரம் தெரிந்தவர்கள் செய்வது.

நண்பர்கள் முன்னால் இருக்கும் பாடி வகைகள் நாலு: ரோட்ஸ்டர், கூப்பே, லேக்ஸ்டர், ஸ்ட்ரீம்லைனர். கூரையில்லாத பழைய ஃபோர்டு மாதிரி இருந்தால் ரோட்ஸ்டர். கூரையுள்ள கார் கூப்பே. நாலு சக்கரமும் மூடாமல் வெளியே தெரிய, நடுவில் தோட்டா மாதிரி ஓர் உடல் இருந்தால் லேக்ஸ்டர். குறைந்தது இரண்டு சக்கரமாவது உடலுக்குள் மறைந்திருந்தால் ஸ்ட்ரீம்லைனர்.

கணக்குப்பிள்ளை நோட்டைத் திறக்கும் இடம் இது. காற்றைக் கிழிக்கத் தேவையான சக்தி வேகத்தின் மும்மடிக்கு ஏற்பக் கூடும். மணிக்கு 200 மைலில் (322 கி.மீ.) ஓடும் வண்டி 300-ஐத் தொட வேண்டுமானால் ஒன்றரை மடங்கு சக்தி போதாது, ஏறக்குறைய மூன்றரை மடங்கு வேண்டும். முகப்புப் பரப்பையும் வடிவத்தையும் குத்துமதிப்பாக எடுத்துக்கொண்டு, 4,200 அடி உயரத்தில் இருக்கும் போனவில்லின் மெல்லிய காற்றுக்கு நான் போட்டுப் பார்த்த கணக்கில், 200 மைல் வேகத்தில் காற்றுக்கு மட்டும் ரோட்ஸ்டர் சுமார் 400 குதிரைத்திறனைத் தின்கிறது. கூப்பே 330. லேக்ஸ்டர் 120. நன்றாகச் செய்த ஸ்ட்ரீம்லைனருக்கு 50 போதும். உப்பில் சக்கரம் வழுக்குவதும் உருள்வதற்கான இழுவையும் தனி; அவற்றைச் சேர்த்தால் எல்லா எண்ணும் ஏறும். ஆனாலும் வரிசை மாறாது.

இந்த எண்களை மட்டும் பார்த்தால் ஸ்ட்ரீம்லைனரைக் கட்டிவிட வேண்டியதுதானே என்று தோன்றும். அங்கேதான் பல பேர் கையைச் சுட்டுக்கொள்கிறார்கள்.

ரோட்ஸ்டரைச் சீக்கிரம் பேசி முடித்துவிடலாம். 1932 ஃபோர்டு பாடி, திறந்த காக்பிட் (ஓட்டுநர் உட்காரும் இடம்), தலைக்கு மேல் கூரை கிடையாது. இந்த விளையாட்டு பிறந்ததே அதில்தான். காற்றுக்கு அது ஒரு செங்கல். ரோட்ஸ்டரில் சாதனையோடு 200-ஐத் தாண்டி, அப்படித் தாண்டியவர்களின் 200 மைல் கிளப் தரும் சிவப்புத் தொப்பியை வாங்கினால் கிடைக்கும் மரியாதையே தனி. எவ்வளவு கஷ்டம் என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். பழைய ஃபோர்டு மேல் உயிரையே வைத்திருக்கும் கூட்டமென்றால் தடுக்க நான் யார்? மற்றவர்களுக்கு, இன்ஜினுக்குக் கொட்டுகிற காசெல்லாம் காற்றோடு போகும்.

கூப்பேயின் கதை வேறு. 1953 ஸ்டூடிபேக்கர் கூப்பே உப்புத் தரையில் இன்றைக்கும் ஓடுவதற்குக் காரணம் உண்டு. தாழ்ந்த மூக்கு, சரிந்து இறங்கும் கூரை. அந்தக் காலத்துக் கார்களில் அவ்வளவு வழுக்கலான வடிவம் அபூர்வம். ரோடு காரைக் கொண்டுவந்து, உள்ளே இருப்பதையெல்லாம் பிடுங்கிப் போட்டு, ரோல் கேஜ் (வண்டி புரண்டாலும் ஆளைக் காக்கும் குழாய்க் கூண்டு) வைத்துக் கட்டினால் பாதி வேலை முடிந்தது. எடை கூடுதலாக இருக்கிறதே என்று கவலைப்பட வேண்டாம். உப்பில் பிடிப்பு தார்ச்சாலையைவிட மிகக் குறைவு. சக்கரம் வழுக்காமல் இருக்க எடை வேண்டும். மற்ற பந்தயக்காரர்கள் ஒவ்வொரு கிராமையும் சுரண்டி எடுப்பார்கள். இங்கே ஈயக் கட்டியையும் இரும்புத் தகட்டையும் சேஸிஸில் (அடிச்சட்டத்தில்) போல்ட் போட்டு ஏற்றுவார்கள்.

கூப்பேயில் இரண்டு தலைவலிகள். ஒன்று, வண்டி சுழன்று பின்பக்கமாகத் திரும்பிவிட்டால் அந்த அழகான கூரை விமான இறக்கை மாதிரி வேலை செய்து தூக்கப் பார்க்கும். கூரையின் ஓரத்தில் நீளவாக்கில் தகட்டு விளிம்புகள் நிறுத்துவது அதற்காகத்தான். இரண்டாவது, உப்பு. ஓடும்போது ஈர உப்பு சக்கர வளைவுக்குள் சிமெண்ட் மாதிரி அப்பிக்கொள்ளும். கதவு மடிப்பு, தரைத்தகட்டு இடுக்கு, பழைய வெல்டிங் தையல் என்று கைபோகாத இடமெல்லாம் போய் உட்காரும். வீட்டுக்கு வந்து பிரஷர் வாஷர் அடித்து முடித்தோம் என்று நினைத்தால், ஒரு வாரம் கழித்து ஏதோ ஒரு மூலையிலிருந்து துருத் தண்ணீர் ஒழுகும். தொழிற்சாலையில் செய்த கார் பாடிக்குத்தான் இப்படிப்பட்ட மூலைகள் அதிகம். குழாய் சேஸிஸ் மேல் கழற்றி மாட்டும் தகடு போட்ட வண்டியை அப்படியே நிர்வாணமாக்கிக் கழுவிவிடலாம்.

கூப்பேயில் ஒரு பெரிய நன்மை இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன், ஏனென்றால் முடிவையே அது மாற்றிவிடக்கூடும்.

இனி லேக்ஸ்டர். எனக்குப் பிடித்தது இதுதான் என்பதை மறைக்கப் போவதில்லை. இரண்டாம் உலகப் போரின்போது பசிபிக் பக்கம் பணியில் இருந்த பில் பர்க் என்பவர், போர் விமானங்களின் அடியில் தொங்கும் கூடுதல் எரிபொருள் தொட்டிகளைப் பார்த்தார். தூரப் பயணத்துக்கு மாட்டிவிட்டு, காலியானதும் வானத்திலேயே கழற்றிப் போடும் தொட்டிகள். கண்ணீர்த்துளி வடிவம். காற்றை வெட்டுவதற்காகவே யாரோ சம்பளம் வாங்கிக்கொண்டு வரைந்து கொடுத்த உடல், போர் முடிந்ததும் காயலான் கடை விலைக்குக் கிடைத்தது. 1946-இல் அவர் அப்படி ஒரு சிறிய தொட்டியை வைத்து முதல் வண்டியைக் கட்டினார். அதற்குள் இன்ஜினும் ஆளும் ஒழுங்காக அடங்கவில்லை. அடுத்து பி-38 விமானத்தின் பெரிய தொட்டிக்குப் போனார். ஏறத்தாழ 300 கேலன் கொள்ளளவு. ஆள் முன்னால், இன்ஜின் பின்னால். அந்த அமைப்பு நிலைத்துவிட்டது. அலெக்ஸ் சைடியாஸின் 'சோ-கால்' என்ற பந்தய உதிரிபாகக் கடையிலிருந்து வந்த தொட்டி வண்டி 1952-இல் போனவில்லில் 198 மைல் வேகத்தைத் தொட்டது. ஓடியது மெர்க்குரி காரின் பழைய ஃப்ளாட்ஹெட் (வால்வுகள் பக்கவாட்டில் இருக்கும் வகை) இன்ஜினில். நான் மேலே போட்ட கணக்கை இன்னொரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது அசல் தொட்டி சேகரிப்பாளர்கள் விலைக்குப் போய்விட்டது. அதைத் தேடி அலைய வேண்டாம். கண்ணாடியிழையில் செய்த நகல் உடல்கள் கிடைக்கின்றன. இல்லையென்றால் அலுமினியத் தகட்டைப் பட்டறையிலேயே வளைத்துக்கொள்ளலாம். தோட்டா வடிவம் என்பதால் இரண்டு பக்கமும் வளையும் சிக்கலான தகடு மூக்கிலும் வாலிலும் மட்டும்தான். நடுவில் உருளைதான். வெல்டிங் நண்பருக்கு இது சாதகம். சேஸிஸ் என்பது இரண்டு நீளக் குழாயும் அதன்மேல் ஒரு கூண்டும். சக்கரம் வெளியே இருப்பதால் கழற்றுவது, பார்ப்பது, சரிசெய்வது எல்லாம் சுலபம். டயரில் வெட்டு விழுந்திருந்தால் நின்ற இடத்திலிருந்தே தெரியும்.

குறைகளும் இருக்கின்றன. லேக்ஸ்டர் மேல் வரும் காற்றிழுவையில் பெரும்பங்கு அந்த நாலு சக்கரத்தாலும் ஆக்ஸிலாலும் வருவது. விதிப்படி அவற்றை மூடக்கூடாது. உடலை எவ்வளவு மெருகேற்றினாலும் ஓர் எல்லைக்கு மேல் பலன் தராது. அப்புறம் எடை விவகாரம். அம்பைக் கவனியுங்கள்: கனம் முனையில், இறகு வாலில். வண்டியும் அப்படி இருந்தால்தான் நேராகப் போகும். எடையின் மையம், காற்று அழுத்தும் மையத்துக்கு முன்னால் இருக்க வேண்டும். ஆனால் இன்ஜின் பின்னால் இருக்கிறது. உந்தும் பின்சக்கரத்துக்கு எடை வேண்டும், நேராக ஓட மூக்கிலும் எடை வேண்டும். ஆகவே மூக்கில் ஈயத்தை ஏற்றி, வாலில் செங்குத்துத் துடுப்பு வைத்து, சக்கரங்களுக்கு இடையிலான நீளத்தையும் கூட்டிவிடுவார்கள். முதல் சில ஓட்டங்கள் முழுக்க இந்த ஈயக் கட்டிகளை இங்கிருந்து அங்கே மாற்றுவதிலேயே போகும். நோட்டு வைத்திருப்பவருக்கு இது திருவிழா.

ஸ்ட்ரீம்லைனருக்கு வருவோம். பட்டறையில் பிறந்த ஸ்ட்ரீம்லைனர்களின் சரித்திரம் மயிர்க்கூச்செறிய வைக்கும். மிக்கி தாம்சன் லாஸ் ஏஞ்சலஸில் ஒரு நாளிதழ் அச்சகத்தில் வேலை பார்த்தவர். நாலு போன்டியாக் இன்ஜின்களை ஒரே வண்டியில் அடைத்து 1960 செப்டம்பரில் மணிக்கு 406.60 மைல் வேகத்தில் ஓடினார். திரும்பி ஓட வேண்டிய ஓட்டத்தில் டிரைவ் ஷாஃப்ட் போய்விட்டது. இரண்டு ஓட்டத்தின் சராசரி இல்லாமல் உலகச் சாதனை கிடையாது, அவ்வளவுதான். பாப், பில் சம்மர்ஸ் என்ற சகோதரர்கள் கலிபோர்னியாவின் ஒன்டாரியோ ஊரில் ஒரு பழைய காய்கறிக் கடைக் கொட்டகையில் 'கோல்டன்ராடு' வண்டியைக் கட்டினார்கள். 32 அடி நீளம், நாலு ஹெமி (கிறைஸ்லரின் பெரிய வி8) இன்ஜின் ஒன்றன்பின் ஒன்றாக. 1965 நவம்பர் 12 அன்று 409.277 மைல். 1991-இல் அல் டீக் ஒரே ஒரு சூப்பர்சார்ஜர் இன்ஜினை வைத்து 409.986 ஓடினார்.

இதைப் படித்துவிட்டு நண்பர்கள் எழுந்து நின்று கைதட்டுவார்கள். கணக்குப்பிள்ளை கை தட்டக்கூடாது. கோல்டன்ராடுக்கு இன்ஜினைக் கொடுத்தது கிறைஸ்லர், டயரைக் கொடுத்தது ஃபயர்ஸ்டோன். கொட்டகை சொந்தம், அதற்குள் இருந்த சாமானில் பாதி பெரிய கம்பெனிகளுடையது. சக்கரத்தை உடலுக்குள் இழுத்ததுமே எல்லாம் நெருக்கமாகிவிடும். ஸ்டீரிங் திருப்ப இடமில்லை, சஸ்பென்ஷனுக்கு இடமில்லை, ரேடியேட்டருக்கு இடமில்லை. ரேடியேட்டர் பிரச்சினையை மட்டும் சுலபமாகத் தீர்க்கலாம்: ஓட்டமே ஒன்றரை நிமிடம் என்பதால் ஒரு தொட்டித் தண்ணீரை வைத்துச் சமாளித்துவிடுவார்கள். ஆனால் ஒரு ஸ்பார்க் பிளக்கை மாற்றக்கூட உடலைக் கழற்ற வேண்டியிருக்கும். ஸ்பீடு வீக்கில் சாதனையை முறியடிக்கும் வேகத்தில் ஒரு தடவை ஓடிவிட்டால் வண்டி தனிக் கொட்டடிக்குப் போகும். அங்கே வேலை பார்க்க நாலு மணி நேரம் கொடுப்பார்கள். மறுநாள் காலை இரண்டாவது ஓட்டம். அந்த நாலு மணி நேரத்தில் லேக்ஸ்டரின் இன்ஜின் தலையையே கழற்றி மாட்டிவிடலாம். ஸ்ட்ரீம்லைனரில் பாடித் தகட்டின் திருகுகளைக் கழற்றவே நேரம் ஓடிவிடும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஸ்ட்ரீம்லைனரை எங்கே ஓட்டிப் பழகுவது? எல் மிராஜ் ஏரிப்படுகை லாஸ் ஏஞ்சலஸிலிருந்து இரண்டு மணி நேரம். மே முதல் நவம்பர் வரை அங்கே பல தடவை ஓட்டலாம். ஆனால் தடம் 1.3 மைல்தான், தரை களிமண். போனவில்லோ லாஸ் ஏஞ்சலஸிலிருந்து 1,000 கிலோமீட்டருக்கும் மேல் தள்ளி இருக்கிறது. நீண்ட தடத்துக்காகக் கட்டிய வண்டி வருஷத்துக்கு ஒரு வாரம்தான் ஓடும், அதுவும் உப்பு ஒத்துழைத்தால். 2014, 2015, 2022 என மூன்று ஆண்டுகள் ஸ்பீடு வீக்கையே ரத்து செய்திருக்கிறார்கள். தண்ணீர் நின்றது, அல்லது உப்புப் படலம் மோசமாக இருந்தது. எல் மிராஜிலும் ஓடக்கூடிய வண்டியாக இருந்தால் அந்த வருஷம் வீணாகாது. லேக்ஸ்டர் என்ற பெயரே இந்த ஏரிப்படுகைகளிலிருந்து வந்ததுதான்.

இன்ஜின் நண்பர் இவ்வளவு நேரம் வாயை மூடிக்கொண்டிருந்ததே பெரிது. அவர் முன்னால் மூன்று வழிகள். சுசுகி ஹயபூசா மாதிரி 1,300 சி.சி. பைக் இன்ஜினைப் போடலாம்: சிறியது, கியர்பாக்ஸ் கூடவே வருகிறது, மூக்கு ஒல்லியாகும். சின்ன இன்ஜினைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். 2016-இல் ஹோண்டா பொறியாளர்கள் 660 சி.சி. வகை இன்ஜினை ஒரு ஸ்ட்ரீம்லைனரில் வைத்து மணிக்கு 261.875 மைல் வேகத்தில் ஓட்டினார்கள். கம்பெனி காசு, கம்பெனி ஆராய்ச்சிக்கூடம், அது வேறு விஷயம். இரண்டாவது, பழைய பிக்கப்புகளிலிருந்து கழற்றிய செவர்லே 5.3 லிட்டர் வி8. காயலான் கடையில் குவிந்து கிடக்கும் இரும்பு பிளாக் இன்ஜின். தெருவில் ஓட்டுகிறவர்கள் அலுமினியம் வேண்டும் என்று இதை ஒதுக்குவார்கள். நமக்கோ எடை இலவசமாகக் கிடைக்கிறது. வெடித்தால் அதே மாதிரி இன்னொன்று வாங்கலாம். மூன்றாவது, பேட்டரி. ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழக மாணவர்களின் 'பக்கை புல்லட்' 2016-இல் 341 மைலைத் தாண்டியிருக்கிறது. ஆனால் உயர் மின்னழுத்த பேட்டரிக் கட்டை வீட்டுப் பட்டறையில் வைத்துப் பழகுவதற்கு இந்த நாலு பேரில் ஒருவருக்கும் அனுபவம் இல்லை. எனவே வேண்டாம். என் ஓட்டு காயலான் கடை வி8-க்கு. முதல் வருஷம் டர்போவும் கிடையாது, நைட்ரோவும் கிடையாது.

காரணம், முதல் வருஷம் அந்தச் சக்தியைக் காட்ட விடவே மாட்டார்கள். புது ஓட்டுநர் படிப்படியாகத்தான் ஏற வேண்டும். 125-க்குள் ஓடு, ஒழுங்காக நிறுத்து, அடுத்து 150, அப்புறம் 175. ஒவ்வொரு படிக்கும் உரிமம். பரிசோதகர்கள் டயர் எந்த வேகம்வரை தாங்கும் என்ற மதிப்பு, சீட் பெல்ட், தீயணைப்பு உருளை, வண்டியை நிறுத்த விரியும் பாராசூட்டின் கயிறு எல்லாம் பார்ப்பார்கள். முழு உடுப்போடு ஓட்டுநர் யார் உதவியும் இல்லாமல் வெளியே வந்து காட்ட வேண்டும்.

இப்போது கூப்பேயின் அந்த நன்மை. லேக்ஸ்டரின் காக்பிட் ஒரே ஓர் ஆளுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை. தோள் இரண்டு அங்குலம் அகலமான நண்பர் அதற்குள் நுழைய முடியாது; கால் நீளமானவருக்கு முட்டி ஸ்டீரிங்கில் இடிக்கும். கூப்பேயில் சீட்டை நகர்த்திவிட்டு நாலு பேரும் மாறி மாறி ஓட்டலாம், நாலு பேரும் உரிமம் வாங்கலாம். நாலு வருஷம் சனி ஞாயிறைத் தின்ற வண்டியில் மூன்று பேர் ஒரு நாள்கூட உட்காரவில்லை என்றால் அந்த நட்பு என்னவாகும் என்று அவர்களேதான் யோசிக்க வேண்டும். நாலு பேருக்கும் ஓட்டும் ஆசை இருந்தால், நான் இவ்வளவு நேரம் புகழ்ந்த லேக்ஸ்டரை விட்டுவிட்டு ஸ்டூடிபேக்கரைத் தேடச் சொல்வேன். கணக்கில் தோற்கிற வண்டிதான், பரவாயில்லை.

ஒருவர் ஓட்டுவார், மற்றவர்களுக்குக் கட்டுவதே சுகம் என்றால் லேக்ஸ்டர். அதிலும் மற்றவர்கள் சும்மா இருக்கப் போவதில்லை. உயர் கியரில் கட்டிய வண்டி தானாக நகராது. பிக்கப் பின்னாலிருந்து முட்டிக்கொடுத்து மணிக்கு 50 மைல்வரை தள்ளிவிட வேண்டும். தள்ளுகிறவர் கொஞ்சம் கோணலாக முட்டினால் ஓட்டம் அங்கேயே முடிந்தது. இன்னொருவர் பாராசூட்டை மடிப்பார். வேறு யார் மடித்தாலும் ஓட்டுநருக்குத் தூக்கம் வராது. சில வருஷம் கழித்து ஆசை பெருகினால் அதே சேஸிஸில் சக்கரத்தை மூடி ஸ்ட்ரீம்லைனர் பிரிவுக்கு மாற்ற வழி தேடலாம். அதற்கு முன்கூட்டியே உடலின் ஓரத்தில் இடம் விட்டு வைத்தால் போதும்.

ஆகவே ஸ்டீல் குழாய் வாங்கக் கடைக்குப் போகும் முன்பு, பட்டறைத் தரையைக் கூட்டிவிட்டு, ஓட்டப் போகிறவரைத் தீப்பிடிக்காத உடுப்பும் ஹெல்மெட்டும் போட்டு அங்கே சாய்ந்து படுக்கச் சொல்லுங்கள். முதுகுக்கு ஒரு பலகை, குதிகாலுக்கு ஒரு செங்கல். தோள், முழங்கை, முட்டி, ஹெல்மெட் உச்சி என்று சுற்றிலும் சாக்பீஸால் கோடு போடுங்கள். கூண்டு அந்தக் கோட்டிலிருந்துதான் ஆரம்பிக்கும். யார் படுப்பது என்ற சண்டையை அதற்கு முந்தின சனிக்கிழமையே முடித்துவிடுங்கள்.